தமிழ் எழுத்துக்கு வளையும் நிப்பு ஒத்துவருமா?

ஜூன் 15, 2025

பட்டுக்கோட்டைத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "காப்பர்பிளேட் எழுதுகிற வீடியோக்களைப் பார்த்து ஃப்ளெக்ஸ் நிப் (வளையும் நிப்பு) பேனா ஒன்று வாங்கினேன். ஆங்கிலம் ஓரளவு வருகிறது. தமிழ் எழுதினால் கோரமாக இருக்கிறது. நம் எழுத்துக்கு இந்த நிப்பே ஒத்துவராதுதானே?"

ஒத்துவரும். ஆனால் காப்பர்பிளேட்டில், அதாவது சாய்வாக எழுதும் ஆங்கில அழகெழுத்தில், பழகிய கையை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் கோரமாகத்தான் இருக்கும்.

நிப்பின் நுனியில் ஒரு பிளவு, அதன் இரு பக்கமும் இரண்டு கால்கள். அழுத்தினால் கால்கள் விரியும், கோடு தடிக்கும். அழுத்தத்தை விட்டால் கால்கள் சேரும், கோடு மெலியும். கீழே இழுக்கும்போது மட்டும்தான் அழுத்தலாம். மேலே ஏறும்போது அழுத்தினால் விரிந்த கால் தாளின் நாரில் குத்தி மையைத் தெறிக்கும். பக்கவாட்டில் போகும்போது அழுத்தினால் ஒரு காலுக்கு மட்டும் சுமை ஏறி நிப்பு கோணும். ஆக, இறங்குகோடு தடிமன். ஏறுகோடும் படுகோடும் மெலிசு. காப்பர்பிளேட் கூர்முனைப் பேனாவிலேயே வளர்ந்த எழுத்து என்பதால் இந்த விதி அதன் உடம்பிலேயே இருக்கிறது.

தமிழில் படுகோடு நிறைய. 'ட' என்றால் ஒரு இறங்குகோடு, ஒரு படுகோடு. 'ப' என்றால் இறங்கி, படுத்து, ஏறும். சுழிகள் வேறு. ஆங்கிலத்தில் வார்த்தை முழுக்க ஒரே சாய்வில் தடித்த கோடுகள் வரிசையாக விழும். தமிழில் அவை அங்கொன்றும் இங்கொன்றுமாக விழும். உங்கள் கண்ணை உறுத்துவது இதுதான் என்று நினைக்கிறேன்.

ஒரு விஷயத்தில் நமக்கு வசதி. காப்பர்பிளேட் அடிக்கோட்டிலிருந்து 55 டிகிரியில் சாய்ந்து நிற்கும். வலக்கைக்காரர் நேரான பேனாவில் அதை எழுத மணிக்கட்டை முறுக்க வேண்டும். அதற்காகத்தான் நிப்பைப் பக்கவாட்டில் பொருத்திய ஆப்ளிக் ஹோல்டர் வந்தது. நம் எழுத்து நிமிர்ந்து நிற்பது. தாளின் தலைப்பக்கத்தை இடதுபுறம் கொஞ்சம் திருப்பி வைத்தால் போதும், பிளவும் கோடும் ஒரே திசைக்கு வந்துவிடும்.

ஜூன் 15, இரவு

சொல்ல விட்டது: 'அ'வில் ஆரம்பிக்காதீர்கள். பள்ளிக்கூட வரிசை இதற்கு உதவாது. 'ட' மட்டும் பக்கம் பக்கமாக எழுதிப் பாருங்கள். டமடம என்று சலிப்பாக இருக்கும், பரவாயில்லை.

ஜூன் 22

தம்பி படம் அனுப்பியிருந்தார். 'ட'வின் உச்சியிலேயே முழு அழுத்தமும் விழுந்து, மை குளம் கட்டி நிற்கிறது. தாளைத் தொட்டவுடன் அழுத்தக் கூடாது. மிருதங்கத்தில் தொப்பியைத் தட்டிய பிறகு மணிக்கட்டை அழுத்தி நகர்த்திக் கும்கி எடுக்கிறார்களே, அந்த வரிசைதான் இங்கேயும்: முதலில் தொடு, பிறகு அழுத்து, கோடு முடிவதற்கு முன்பே விடு. வெறும் குத்துக்கோடுகளில் இதைப் பழகிவிட்டு எழுத்துக்கு வாருங்கள்.

'ட' வந்துவிட்டால் அடுத்து எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் 'ப'. இடக்கால் இறங்குகோடு, தடிமனாக வரும். வலக்கால் ஏறுகோடு, மயிரிழையாக நிற்கும். எழுத்து நொண்டுகிறது. 'அப்பப்பா' என்று எழுதிப் பாருங்கள், ஒரு நொண்டி ஊர்வலமே போகும்.

நான் செய்வது: இடக்காலை இறக்கி, படுகோட்டை இழுத்து, பேனாவை எடுத்துவிடுகிறேன். பிறகு வலக்காலை மேலிருந்து கீழே இறக்கிப் படுகோட்டில் சேர்க்கிறேன். இரண்டு வீச்சு. இரண்டு காலும் ஒரே கனம். 'ய', 'வ', 'ழ' எல்லாவற்றிலும் ஏறுகோடு கண்ணுக்கு மெலிந்து தெரிகிற இடத்தில் இதே வைத்தியம்தான்.

'ம'வுக்கு இந்தத் தொல்லை குறைவு. அதன் கடைசி வளைவு மேலிருந்து இறங்கி வந்து அடிக்கோட்டில் முடிகிறது. ஆகவே தொடக்கமும் முடிவும் தானாகவே கனத்துவிடும்.

ஜூன் 24

மன்னார்குடி சார் ஒருவர்: "பேனாவை எடுத்து எடுத்து வைத்தால் அது எழுதுவது இல்லை, வரைவது."

சரி சார், வரைகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். காப்பர்பிளேட்காரர்களும் ஒரு எழுத்துக்குள்ளேயே பேனாவைத் தூக்கித் தூக்கித்தான் வைக்கிறார்கள். ஓட்டமாக எழுதுவதாக நமக்குத் தெரிவது வீடியோவின் வேகம்.

ஜூன் 29

எந்தப் பேனா வாங்குவது என்று ஆளாளுக்குக் கேட்கிறீர்கள்.

'ஃப்ளெக்ஸ்' என்று பெட்டியில் போட்டு விற்பதில் பாதி வளையாது. ஓர் இணையக் கடையில் அப்படி ஒன்று வாங்கினேன். கட்டைவிரல் வெளுக்கும்வரை அழுத்தியும் கோடு அசையவில்லை. இப்போது அது வீட்டில் பால் கணக்கு எழுதுகிறது.

வளைவு வருவது உலோகத்தின் தன்மையாலும் வெட்டாலும். பழைய காலத்து 14 காரட் தங்க நிப்புகள் நீண்ட கால்களோடு, மெல்லிய தகட்டில் வந்தவை. இன்றைக்குப் புதிதாக வருவதில் பைலட் கம்பெனியின் எஃப்.ஏ. நிப்பு உண்டு. தங்கம்தான், தோள்பட்டையில் இரு பக்கமும் வெட்டி எடுத்திருப்பார்கள், அதனால் எளிதில் விரியும். கஸ்டம் 743, 912 மாதிரிகளில் கிடைக்கும். விலை நம்மைப் போன்றவர்களுக்குக் கொஞ்சம் அல்ல, நிறையவே எட்டாது. ஸ்டீலில் நூட்லர்ஸ் அஹாப் பலரும் தொடங்குகிற பேனா. ஸ்டீல் என்பதால் தங்கத்தைவிடக் கூடுதல் அழுத்தம் கேட்கும்.

நம் பக்கத்துப் பேனாக்களை மறக்க வேண்டாம். திருவள்ளூர் ரங்கா, சென்னை காமா, ராஜமுந்திரி ரத்தினம் எல்லாம் எபனைட் என்ற கெட்டி ரப்பரைக் கடைசல் பிடித்துக் கையால் செய்பவை. ரத்தினம் 1930களில் காந்தியின் சுதேசி அழைப்பிலிருந்து வந்தது. பேனா விஷயத்தில் கோதாவரி டெல்டாக்காரர்கள் நம்மை முந்திவிட்டார்கள், நமக்கு வெற்றிலையும் டிகிரி காபியும் போதும் என்று இருந்துவிட்டோம். இந்தப் பேனாக்களில் நிப்பு கழுத்துக்குள் செருகி நிற்பதுதான். ஆகவே கான்பூர் கான்ரைட் போன்றவர்களின் ஃப்ளெக்ஸ் நிப்பைத் தனியாக வாங்கி, அளவு பொருந்தினால் மாற்றிக்கொள்ளலாம்.

நிப்பைவிட முக்கியம் அதன் அடியில் இருக்கும் கட்டை. ஃபீடு என்பார்கள். கால்கள் விரியும்போது நடுவே மை நிரம்ப வேண்டும். மை வந்து சேராவிட்டால் நடுவில் வெள்ளை விட்டு இரண்டு ஓரக்கோடுகள் மட்டும் விழும். தண்டவாளம் போடுகிறது என்று சொல்வது இதைத்தான். எபனைட் ஃபீடில் மை நன்றாக ஒட்டி ஓடும். நிப்புக்கும் அதற்கும் இடைவெளி இருந்தால், கொதித்து இறக்கிய தண்ணீரில் கொஞ்ச நேரம் இரண்டையும் சேர்த்து முக்கி எடுத்து, சூட்டோடு அழுத்திப் பிடித்தால் எபனைட் இளகி நிப்போடு படியும். பிளாஸ்டிக் ஃபீடில் இந்த வித்தையைச் செய்யாதீர்கள்.

ஜூலை 6

கும்பகோணத்து அக்கா ஒருவர் காட்டமாக எழுதியிருக்கிறார்: "தமிழ் ஓலையில் வளர்ந்தது. எழுத்தாணிக் கீறலில் தடிமன், மெலிசு ஏது? இப்போது இங்கிலாந்துக்காரன் நிப்பை வைத்துக் கனம் சேர்ப்பது மரபுக்கு விரோதம்."

அக்கா, ஓலைக் கீறலில் கனம் மாறாது என்பது சரி. தஞ்சாவூர் சரசுவதி மகாலில் காட்சிக்கு வைத்திருக்கும் சுவடிகளைப் பார்த்தாலே தெரியும். வலக்கை எழுத்தாணியை நிறுத்திப் பிடித்திருக்க, இடக்கை ஓலையை நகர்த்திக்கொண்டே போகும். கீறல் ஒரே சீர். பிறகு கரியோ பச்சிலைச் சாறோ தடவித் துடைத்தால் கீறலுக்குள் கறுப்பு நிற்கும்.

ஆனால் அந்தச் சுவடிகளில் புள்ளியும் கிடையாது. புள்ளி குத்தினால் ஓலை பொத்தலாகும். எகர ஒகரத்தில் குறில் நெடில் பிரிவு கிடையாது. துணைக்காலும் ரகரமும் ஒரே உருவம். ஏகார ஓகார நெடிலுக்குத் தனி உருவம் கொடுத்த பெருமை வீரமாமுனிவருக்கு, அதாவது கொள்ளிடத்து வடகரையில் ஏலாக்குறிச்சியில் இருந்து பணி செய்த இத்தாலிக்காரருக்கு. 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு அச்சு எழுத்தில் தமிழை ஏற்றினார், பக்கத்துப் பொறையாற்றில் காகிதம்கூடச் செய்து பார்த்தார்கள். இவ்வளவு மாற்றங்களும் நம் ஊர் எல்லைக்குள்ளேயே நடந்தவை. எந்த வருஷத்தோடு மரபை நிறுத்திக்கொள்வது?

ஓலையின் நரம்பு நீளவாக்கில் ஓடுவதால் படுகோடு கீறினால் பிளக்கும், அதனால்தான் தமிழ் எழுத்து வட்டமானது என்று வழக்கமாகச் சொல்வார்கள். அப்படியானால் 'ட', 'ப', 'ம', 'ய' எல்லாம் எப்படித் தப்பின? எனக்கு அந்தக் கதை முழுதாக ஒப்பவில்லை.

அதே மகாலில் மராட்டியர் காலத்து மோடி எழுத்து ஆவணங்களும் உண்டு. தாளில், மையால், கையெடுக்காமல் ஓட்டமாக எழுதியவை. மன்னார்குடி சாருக்குப் பிடிக்கும்.

ஜூலை 8

"பெரிய கோயில் கல்வெட்டு எழுத்தைப் பார்த்துப் பழகலாமா?" உருவத்துக்குத் தாராளமாகப் பழகலாம். 1010இல் முடிந்த கோயிலில் அந்த எழுத்துகள் என்ன மிடுக்கோடு நிற்கின்றன! ஆனால் எங்கே அழுத்த வேண்டும், எங்கே விட வேண்டும் என்பதை உளி வெட்டு உங்களுக்குச் சொல்லாது.

வெட்டெழுத்து என்றதும் ஒன்று. கும்பகோணத்துப் பாத்திரக் கடையில் சீர்ப் பாத்திரத்துக்குப் பெயர் வெட்டக் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர் வெட்டுபவர் 'ப'வின் இரண்டு காலையும் மேலிருந்துதான் இறக்கினார். மன்னார்குடி சார் கவனிக்கவும்.

ஜூலை 20

கொரடாச்சேரிப் பக்கத்திலிருந்து ஒருவர் வீட்டுப் பழைய கிரயப் பத்திரத்தைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறார். எழுத்தில் தடிமன் மெலிசு பளிச்சென்று தெரிகிறது. "அந்தக் காலத்தில் எல்லாரும் ஃப்ளெக்ஸ் பேனாதான் வைத்திருந்தார்களா?" என்று கேள்வி.

இது எனக்குச் சொந்த ஊர்ச் சங்கதி. அப்பா பத்திர எழுத்தர். பதிவு அலுவலகத்து வாசலில் சாய்வு மேசை போட்டு உட்கார்ந்து எழுதினார். நான் அதே தெருவில் ஜெராக்ஸும் டைப்பிங்கும் செய்கிறேன். அவர் நாள் முழுக்க எழுதியதை நான் இப்போது ஒரு பட்டனில் அடித்துத் தள்ளுகிறேன்.

படத்தில் இருப்பது தொட்டு எழுதும் கட்டைப் பேனா என்றுதான் சொல்வேன். மையின் நிறத்தைப் பாருங்கள்: சில வார்த்தைகள் கறுப்பாகத் தொடங்கி, போகப்போக வெளிறி, மறுபடி சட்டென்று கறுக்கின்றன. கறுக்கிற இடத்தில் மைக்கூட்டில் தொட்டிருக்கிறார். ஊற்றுப் பேனாவில் இந்த ஏற்ற இறக்கம் இவ்வளவு வராது. கட்டைப் பேனாவின் ஸ்டீல் நிப்பு சாதாரணமாகவே வளையும். அழகுக்காக அவர்கள் அழுத்தவில்லை, வேகத்தில் இறங்குகோட்டில் கை தானாக அழுந்தியிருக்கிறது. அதனால்தான் தடிமன் அளவோடு இருக்கிறது. நாம் பயிற்சி என்று உட்கார்ந்து ஒவ்வொரு கோட்டையும் கொழுக்க வைக்கிறோம்.

எனக்கு இந்த நிப்பின் மேல் பித்துப் பிடித்ததே பத்திரங்களில் வரும் சுருக்கக் குறிகளால். ௸ என்றால் மேற்படி. ௵ வருடம், ௴ மாதம், ௳ நாள், ௹ ரூபாய். எண்ணுக்குப் பக்கத்தில் இவை வாலை நீட்டிக்கொண்டு நிற்கும். எழுத்தை விதிப்படி எழுதுகிறவர்கூட வாலில் தன் கைவரிசையைக் காட்டியிருப்பார். ஒவ்வொரு எழுத்தருக்கும் ஒரு வால். அப்பா மற்ற எழுத்தர்களின் பத்திரத்தை ௸ பார்த்தே யார் எழுதியது என்று சொல்லிவிடுவார். இன்றைக்குக் கணினி எழுத்துருவிலும் இந்தக் குறிகளுக்கு இடம் கிடைத்துவிட்டது, ஆனால் எல்லா ௸வும் ஒரே வால்.

இவற்றை எழுதிப் பாருங்கள். தலையில் மெலிசாகத் தொடங்கி, வால் இறங்கும்போது அழுத்தி, நுனியில் விட்டுவிட வேண்டும். 'அ', 'ஆ'வைவிட நல்ல பாடம் இது.

அந்தப் பத்திரத்தில் "ஒரு வேலி நிலம்" என்று இருப்பதைப் பார்த்து இளையவர்கள் வேலி போட்ட நிலம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வேலி 20 மா, ஒரு மா 100 குழி. மூன்று மா ஏறக்குறைய ஒரு ஏக்கர். விற்றவர் பெரிய கைதான்.

ஆகஸ்ட் 10

ஆடி மாதம், பேராவூரணிப் பக்கம் உறவுக்காரர் வீட்டு மொய்விருந்து. "உன் கையெழுத்துதான் அழகாச்சே, மொய் நோட்டு எழுது" என்று உட்கார வைத்தார்கள். நானும் பெருமையாக ஃப்ளெக்ஸ் பேனாவை எடுத்தேன். பெயர்களின் இறங்குகோடெல்லாம் ஈரமாகப் பளபளத்தது. பக்கத்தைப் புரட்டினால் எதிர்ப்பக்கத்தில் அத்தனை பேரும் கண்ணாடி எழுத்தில் இன்னொரு முறை மொய் செய்திருந்தார்கள். ஒவ்வொரு வரிக்கும் ஊதி ஊதி, வரிசை பந்தலைத் தாண்டிவிட்டது. ஒரு பையன் ஜெல் பேனாவோடு வந்தான், "பெரியப்பா, நீங்க சாப்பிடப் போங்க" என்றான். கறிவிருந்து நன்றாக இருந்தது.

பாடம் வேண்டுமென்றால்: ஒற்றுத்தாள் இல்லாமல் ஃப்ளெக்ஸ் பேனாவோடு வெளியே போகாதீர்கள்.

ஆகஸ்ட் 24

இடக்கைக்காரர் ஒருவர்: "எனக்கு இது வராது என்று விட்டுவிடவா?"

விடாதீர்கள். வரிக்குக் கீழே கையை வைத்து எழுதுகிற இடக்கைக்காரருக்குக் காப்பர்பிளேட் சாய்வு இயல்பாகவே அமையும். நாங்கள் ஆப்ளிக் ஹோல்டர் வாங்கி வரவழைக்கும் கோணம் உங்கள் கையில் சும்மா இருக்கிறது. தமிழுக்கு மட்டும் தாளை எங்களுக்கு எதிர்ப்பக்கம், அதாவது வலதுபுறம் திருப்ப வேண்டும். கையை வரிக்கு மேலே கொக்கி போட்டு எழுதுபவர் என்றால் கஷ்டம்தான், நிப்பு இழுபடுவதற்குப் பதில் தள்ளுபடும். சின்ன வயதில் சோற்றுக்கை பீச்சாங்கை என்று அடித்துத் திருத்தியவர்கள் மேல் கோபம் வந்தால் அதையும் 'ட'வில் காட்டலாம், நிப்பு தாங்குகிற அளவுக்கு.

செப்டம்பர் 14

'ப' பற்றி மறுபடியும். இரண்டு வீச்சு வைத்தியத்தைப் பத்தி முழுக்கச் செய்து பார்த்தேன். தலைப்பு, பெயர், பத்திரிகை உறை இவற்றில் கம்பீரமாக இருக்கிறது. நான்கு வரி தொடர்ந்தால் எல்லா எழுத்தும் கம்பி கட்டி நிற்கிறது, கண் ஓட மறுக்கிறது. கொரடாச்சேரிப் பத்திரத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அந்த எழுத்தர் 'ப'வின் வலக்காலை மெலிசாகவே விட்டிருக்கிறார், நொண்டவில்லை. காரணம், இடக்காலும் அவ்வளவு தடிமன் இல்லை. நிப்பு நான்கு மடங்கு விரியும் என்பதால் நாம் நான்கு மடங்கும் விரிக்கிறோம். அவர் பாதிகூட விரிக்கவில்லை.

ஆகவே இப்போது என் கட்சி: ஓட்ட எழுத்துக்கு மன்னார்குடி சார் பக்கம், தலைப்புக்கு என் பக்கம். வரிக்கு ஓரிரண்டு இடத்தில் மட்டும் முழு அழுத்தம். 'ழ'வின் வால், மெய்யெழுத்தின் புள்ளி, வாக்கியத்தின் முதல் எழுத்து, இப்படி. ஓலையில் குத்த முடியாமல் போன புள்ளிக்கு இந்த நிப்பில் நல்ல வாழ்வு. அழுத்தி எடுத்தால் கண்ணீர்த்துளி வடிவில் உட்காரும்.

தும்பிக்கை போன்ற வளைவோடு எழுதிய பழைய 'லை' பற்றிக் கேட்டவர்களுக்கு: 1978இல் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் சீர்திருத்தத்தை ஏற்று மாற்றிய 13 எழுத்துகளில் ணை, லை, ளை, னை நான்கும் தும்பிக்கை போனவை. ணா, றா, னா மூன்றும் அவற்றின் ஒகர ஓகாரமும் மீதி. தட்டச்சுக்கும் அச்சுக்கோப்புக்கும் அது பெரிய விடுதலை, நான் டைப்பிங் தொழில்காரன், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கையில் ஃப்ளெக்ஸ் நிப்பு இருக்கும்போது பழைய 'லை' மாதிரி ஒரு சுகம் வேறெந்த எழுத்திலும் இல்லை. தும்பிக்கை மேலே ஏறும்போது மயிரிழை, வளைவைத் தாண்டி இறங்கும்போது மெல்லத் தடித்து, 'ல'வுக்குள் போய்ச் சேரும். 'தலை', 'மாலை', 'வாழை இலை' என்று சும்மா எழுதிக்கொண்டிருப்பேன். என் பெண் பார்த்துவிட்டு, "இது என்ன எழுத்துப்பா, தப்பாப் போட்டிருக்கே" என்றாள்.

அக்டோபர் 26

அடைமழை. அறுத்த குறுவை நெல் கொள்முதல் நிலைய வாசலில் நனைகிறது என்று தெருவெல்லாம் கவலை. இந்த நேரத்தில் நிப்பைப் பற்றி எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று பேர் ஒரே புகார் சொல்கிறார்கள்: போன மாதம் நன்றாக விழுந்த கோடு இப்போது ஓரத்தில் முள் முள்ளாகப் படர்கிறது, நிப்பு கெட்டுவிட்டதா?

நிப்பு கெடவில்லை, தாள் காற்றின் ஈரத்தைக் குடித்திருக்கிறது. ஃப்ளெக்ஸ் கோட்டில் இறங்கும் மையின் அளவு அதிகம், அதனால் சாதாரண பேனாவில் தெரியாத படர்வு இதில் தெரியும். ஜெராக்ஸ் கடைக்காரனாக ஒரு யோசனை: ரீமைப் பிரித்துப் போடாதீர்கள், வேண்டிய தாளை மட்டும் எடுத்து உறையை மடித்து மூடுங்கள். நான் எழுதப்போகும் தாள்களை ஓடிக்கொண்டிருக்கும் மெஷின் மேல் கொஞ்ச நேரம் வைத்து எடுக்கிறேன். புகழூர் ஆலையில் கரும்புச் சக்கையிலிருந்து செய்கிற தாளானாலும் சரி, மரக்கூழ்த் தாளானாலும் சரி, ஈரம் ஏறினால் கதை ஒன்றுதான். பழைய கணக்குப் பேரேட்டில் எழுதாத பக்கம் இருந்தால் விடாதீர்கள், நல்ல பசை ஏற்றிய தாள்.

மையில் வேலம்பிசின் கலந்தால் கோடு கட்டுக்குள் நிற்கும் என்று ஒருவர் எழுதியிருந்தார். தொட்டு எழுதும் பேனாவுக்கு அது சரி. ஊற்றுப் பேனாவில் ஊற்றினால் ஃபீடின் சந்து அடைத்துக்கொள்ளும். கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்து வீட்டில் காய்ச்சிய மைக்கும் இதே பதில். எழுதும்போது வெளிறி, காற்றுப் பட்டுக் கறுத்து, தாளோடு ஊறி நிற்கும் அருமையான மை அது, ஆனால் புளிப்பு. ஸ்டீலை அரிக்கும், வண்டல் விடும். கட்டைப் பேனாவில் எழுதி, உடனே கழுவித் துடைத்து வையுங்கள். ஊற்றுப் பேனாவுக்கு பிரில், கேம்லின் மாதிரி சாயமை போதும்.

ஜீப்ரா ஜி என்ற கட்டைப் பேனா நிப்பை ஊற்றுப் பேனாவில் செருகலாமா என்பதற்கும் இங்கேயே: செருகலாம், அபாரமாக வளையும், மையிலேயே ஊறிக் கிடப்பதால் துருப்பிடிக்கும். அதைத் தேய்மானப் பொருளாக நினைத்து மாற்றிக்கொண்டே இருக்க மனம் இருந்தால் செய்யுங்கள்.

நவம்பர் 16

பட்டுக்கோட்டைத் தம்பியின் நிப்பு அழுத்தத்தில் விரிந்து, விட்ட பிறகும் சேரவில்லையாம். வளைகிற அளவைத் தாண்டிவிட்டது. இனி விரலால் நெருக்கிப் பார்த்து மேலும் கெடுக்க வேண்டாம். ஸ்டீல் நிப்பு என்பதால் புதிது மாற்றுவதே மலிவு. தங்கமாக இருந்தால் நிப்பு சீர்செய்பவரிடம் கொடுக்கச் சொல்லியிருப்பேன். புதியது போட்டதும் செப்டம்பர் குறிப்பைப் படித்துவிட்டுத் தொடுங்கள்.

தை மாதக் கல்யாணத்துக்கு உறை மேல் பெயர் எழுதித் தரச் சொல்லி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். மொய் நோட்டுக் கதையைப் படித்த பிறகும் கேட்கிறீர்களே! தருகிறேன். கடைக்குக் கொண்டு வாருங்கள், மஞ்சள் தடவுவதற்கு முன்னால், மஞ்சள் ஈரத்தில் மை இழுக்கும். பெயரை மட்டும்தான் இந்தப் பேனாவில் எழுதுவேன். முகவரியும் பின்கோடும் பால்பாயிண்ட்டில் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். சாயமை தண்ணீர் பட்டால் கரையும், தபால்காரர் மழையில் சைக்கிளில் வருகிறவர்.